கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தும் சுகர்காரர்கள் ஏன் போவதில்லை, போக வைக்க என்ன செய்யலாம்?

சின்ன ஊர் சுகர் கிளினிக் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் சகோதரி கேட்டிருக்கிறார்: வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிறார், நானும் ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொல்கிறேன், ஆனால் அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது கேட்டால் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர்தான் போயிருக்கிறார்கள், இதற்கு மேல் நான் என்னதான் செய்வது?

சிஸ்டர், நான் ஒரு கண் ஆஸ்பத்திரியின் விழித்திரைப் பிரிவில் ஒன்பது வருடம் கவுன்சலராக இருந்தேன். அதற்கப்புறம் ஆறு வருடமாக உங்களுடையதைப் போன்ற ஒரு சுகர் கிளினிக்கில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் வேலை. அனுப்புகிற இடத்திலும் இருந்திருக்கிறேன், அனுப்பியவர்கள் வந்து சேர்கிற இடத்திலும் இருந்திருக்கிறேன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் சொல்கிற நிலைமை உங்கள் கிளினிக்குக்கு மட்டும் உள்ளது இல்லை. அதை நினைத்து மனம் நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் சீட்டைக் கையில் கொடுத்ததும் 'அனுப்பியாச்சு' என்று ரெஜிஸ்டரில் டிக் போடுகிறோமே, அந்த டிக்கில்தான் முதல் தப்பு இருக்கிறது. நோயாளி கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து, அங்கே என்ன சொன்னார்கள் என்பது உங்கள் நோட்டில் ஏறுகிற வரைக்கும் அந்தச் சீட்டு உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் காலம் ஆனது.

எனக்கு உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அறுபது தாண்டிய ஒரு பாட்டி. கண்ணுக்குப் போனீர்களா என்று கேட்டதும் மஞ்சப்பையைத் திறந்து ரேஷன் கார்டு உறையை எடுத்தார், அதற்குள் ஆதார் நகல், பேரன் போட்டோ, அதற்கும் அடியில் எட்டாக மடித்த எங்கள் சீட்டு. தேதியைப் பார்த்தால் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் மை அழிந்து போயிருந்தது. "இந்தா தாயி, நீ குடுத்தத பத்திரமா வச்சிருக்கேன்" என்றார், அவ்வளவு பெருமையாக. அதைத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் நாங்கள் அவரிடம் கேட்டது என்று நினைத்திருக்கிறார். சீட்டில் இருந்தது இங்கிலீஷில் ஒன்றரை வரி. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரைப் பார்ப்பது, எதற்காகப் பார்ப்பது, ஒன்றும் இல்லை. படிக்கத் தெரிந்த மகன் கையில் கிடைத்திருந்தாலும் அவனுக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

சரி, ஏன் போவதில்லை என்பதைப் பார்ப்போம். முதல் காரணம் உங்களுக்கே தெரியும்: "நல்லாத்தானே தெரியுது?" இந்தப் பதிலை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உண்மையைத்தான் சொல்கிறார். சுகரால் வரும் விழித்திரைப் பாதிப்பு வலிக்காது, சிவக்காது, நீர் வடியாது. விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும்போதே அவர் பேப்பர் படிப்பார், ஊசியில் நூல் கோர்ப்பார். பார்வையின் மையப் பகுதியில் நீர் கோத்தாலோ, புதிதாக முளைத்த மெல்லிய குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் நிறைந்தாலோதான் அவருக்குத் தெரியும். அப்போது வருகிறவரைத்தான் நான் கண் ஆஸ்பத்திரியில் தினமும் பார்த்தேன். லேசர் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது 1970-களிலேயே பெரிய ஆய்வில் உறுதியான விஷயம். இன்றைக்கு அதற்கு மேல் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. இவ்வளவு இருந்தும் பார்வை போகிறது என்றால் பெரும்பாலும் ஆள் வந்து சேர்ந்த நேரம்தான் காரணம்.

எண்ணிக்கையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், டாக்டரிடம் பேசும்போது உங்களுக்குப் பயன்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் என்கிற சுகர் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். நாடு முழுக்க நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2022இல் வந்த இன்னொரு ஆய்வில், சுகர் உள்ளவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு, 4 சதவீதம் பேருக்குப் பார்வையையே பறிக்கக்கூடிய நிலை. உங்கள் கிளினிக்கில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வருகிறார்கள் என்றால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஆறு பேருக்குப் பாதிப்பு இருக்கலாம், இரண்டு பேர் அவசரமாகப் போக வேண்டியவர்கள். யார் அந்த இரண்டு பேர் என்று முகத்தைப் பார்த்தோ, சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்தோ சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரையும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, நாம் கண்ணைப் பார்க்கச் சொன்னால் அவர்கள் காதில் விழுவது வேறு. "போன மாசம்தான் கண்ணாடி மாத்துனேன், கம்ப்யூட்டர்ல பாத்தாங்க" என்பார்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததை விழித்திரை பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அல்லது "புரை இன்னும் முத்தலயாம், முத்துனா வரச் சொன்னாங்க" என்பார்கள். நம் ஊரில் கண் என்றால் புரை, புரை என்றால் முத்தும் வரை காத்திருப்பது என்று தலைமுறையாகப் பதிந்திருக்கிறது. காத்திருக்கவே கூடாத நோய்க்கும் அதே கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். நான் இப்போது 'கண் பரிசோதனை' என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "மருந்து ஊத்தி, கண் பாப்பாவ பெருசாக்கி, கண்ணுக்குப் பின்னாடி இருக்குற நரம்பைப் பாக்குற சோதனை. கண்ணாடிக் கடைல இது பாக்க மாட்டாங்க" என்கிறேன். சொட்டு மருந்து ஊற்றினார்களா, அதற்கப்புறம் வெளிச்சம் கூசியதா என்று கேட்டால் போதும், முன்பு பார்த்ததும் உண்மையிலேயே விழித்திரைதானா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம் பயம். இதைப் பற்றி யாரும் நம்மிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள். கண்ணுக்குள் ஊசி போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். லேசர் அடித்ததும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருப்பார்கள் (அவர் கடைசி நேரத்தில் போயிருப்பார், அது கதையில் வராது). இன்னொரு கூட்டம், சுகர் முந்நூறில் நிற்கும்போது போனால் கண் டாக்டர் திட்டுவார் என்று பயந்து "சுகரக் கொறச்சிட்டுப் போறேன்" என்று தள்ளிக்கொண்டே போகும். சுகர் கூடுதலாக இருப்பவர்தான் முதலில் போக வேண்டியவர், பார்ப்பதற்குச் சுகர் குறைய வேண்டிய அவசியமே இல்லை என்பதை நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்சுலின் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நர்ஸுகளே சில பேர் இதில் குழம்பிப் பார்த்திருக்கிறேன். "இன்சுலின் போட்டா கண்ணு போயிடும்" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதல்லவா? அப்படியே பொய் என்று அடித்துச் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்த்த ஆள் ஒருவர் இருப்பார். நடப்பது இதுதான்: பல வருடம் ஏறிக் கிடந்த சுகரை வேகமாகக் கீழே இறக்கும்போது, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை முதல் சில மாதங்களில் கொஞ்சம் மோசமாகலாம். சுகரைக் குறைத்தால் நீண்ட காலத்தில் கண்ணுக்கு நல்லது என்று 1993இல் நிரூபித்த அமெரிக்க ஆய்விலேயே இந்த ஆரம்பகாலச் சரிவும் பதிவாகியிருக்கிறது. ஆகவே இன்சுலினை நிறுத்தக் கூடாது, ஆனால் ஆரம்பிக்கும் சமயத்தில் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், பாதிப்பு இருந்தால் அடிக்கடி பார்க்க வேண்டும். இப்படி உள்ளதை உள்ளபடி சொன்னால், "அதான் அவருக்கு அப்படி ஆச்சா" என்று அவர்களே கேட்பார்கள், கண்ணுக்கும் போவார்கள், இன்சுலினையும் விட மாட்டார்கள்.

என்னால் மறக்க முடியாத ஒருவர் லாரி ஓட்டுநர். நாற்பத்தெட்டு வயது. மூன்று தடவை சீட்டு எழுதினோம், மூன்று தடவையும் "கண்டிப்பா போறேன் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். ரெஜிஸ்டரில் மூன்று டிக். நான்காவது தடவை மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், இடது கண்ணில் ரத்தம் கட்டி எதுவும் தெரியவில்லை. அவரை உள்ளே அனுப்பிவிட்டு மனைவியிடம் பேசினேன். "கண்ணுல கோளாறுன்னு எழுதிட்டா லைசென்ஸ் ரினிவல் பண்ண மாட்டாங்கன்னு பயம்க்கா. அதான் போகவே இல்ல" என்றார். மூன்று தடவையும் நான் அவருக்குக் கண் எவ்வளவு முக்கியம் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அவருக்குக் கண்ணின் அருமை என்னை விட நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தானே பிழைக்கிறார். ஏன் போக முடியவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், கண் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் உங்கள் கையில்தான் கொடுப்பார்கள், இப்போதே பார்த்தால்தான் இன்னும் இருபது வருடம் ஓட்டலாம் என்று பேசியிருப்பேன். அறுவை சிகிச்சை செய்து அந்தக் கண்ணில் கொஞ்சம் பார்வை வந்தது, லாரிக்குப் போதவில்லை. இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன்.

அன்றிலிருந்து "ஏன் போகல?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்கு எல்லோரும் "நேரமில்ல" என்றுதான் சொல்வார்கள். "போறதுல என்ன சிரமம்?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். பாதிப் பேருக்குப் பதில் இரண்டாவது வாக்கியத்தில்தான் வரும்.

பெரும்பாலும் வருகிற பதில் போக்குவரத்தும் துணையும்தான். பாப்பாவை விரிக்க மருந்து ஊற்றினால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், பார்த்து முடித்த பிறகும் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும், பைக் ஓட்டக் கூடாது. அதனால் இன்னொரு ஆள் வேண்டும். ஆக ஒரு பரிசோதனைக்கு இரண்டு பேரின் ஒரு நாள் சம்பளம் போகிறது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, ஆனால் மாவட்டத் தலைநகருக்குப் போகிற புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும், துணைக்கு வருகிற மகனுக்கும் எடுக்க வேண்டும், மத்தியானம் வெளியே சாப்பிட வேண்டும். 'பரிசோதனை இலவசம்' என்று நாம் சொல்கிறோம், அவர்கள் மனதுக்குள் ஐந்நூறு அறுநூறு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் பெண்ணுக்கு என்றால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். கணவரைக் கூட்டிக்கொண்டு மனைவி வருவார், மனைவியைக் கூட்டிக்கொண்டு போகக் கணவருக்கு ஒரு நாள் கிடைக்காது. அம்மாக்களை அனுப்பும்போது மகளின் நம்பரையோ, கூடப் போகக்கூடிய பக்கத்து வீட்டு அக்காவின் பெயரையோ கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சிரமத்தைக் குறைக்க நாங்கள் செய்த ஒரு ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. ஒரே கிராமத்திலிருந்தோ, ஒரே பஸ் ரூட்டிலிருந்தோ வருகிற ஐந்தாறு பேரை ஒரே நாளில் போட்டோம். இரண்டு துணை ஆள் போதும், ஷேர் ஆட்டோ பேசினால் ஆளுக்குச் சில்லறைதான் ஆகிறது, முக்கியமாக "அவ போறா, நானும் போறேன்" என்று ஒரு தைரியம் வருகிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறவர்களிடம் சொன்னால் இதை அவர்களே நடத்திவிடுவார்கள், நமக்கு ஒரு போன்தான் வேலை.

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் ஆளை விரட்டிவிடும் ஒன்று: சாப்பாடு. ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிற்றில் போக வேண்டும் என்று நம் ஆட்கள் பழகிவிட்டார்கள். காலையில் சாப்பிடாமல், ஆனால் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பதினொரு மணிக்கு வரிசையில் வியர்த்து, கை நடுங்கி மயங்கியவர்களை நானே பிடித்து உட்கார வைத்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு தடவை ஆனவர் திரும்ப அந்தப் பக்கம் வருவாரா? சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல, பையில் இரண்டு பிஸ்கட், கூலிங் கிளாஸ் இருந்தால் அதுவும், இல்லாவிட்டால் குடை. இதைச் சீட்டிலேயே தமிழில் அச்சடித்துவிடுங்கள்.

சீட்டைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அரைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் ஒன்று அடித்தோம். மேலே ஆஸ்பத்திரி பெயர், எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், போக வேண்டிய தேதியும் கிழமையும், 'சுகருக்காகக் கண் நரம்பு பார்க்க வந்திருக்கிறேன்' என்று கவுண்டரில் காட்ட ஒரு வரி, கூட வருகிறவர் பெயர். டாக்டருக்கான இங்கிலீஷ் குறிப்பு பின்பக்கம். தேதியை நோயாளி எதிரிலேயே, அவரையே கேட்டு எழுதுவதுதான் இதில் முக்கியம். "வர்ற வாரம் போங்க" என்றால் அந்த வாரம் வரவே வராது. செவ்வாய்க்கிழமை சந்தை, வியாழன் நூறு நாள் வேலை, ஆடி மாதம் கோவில் கொடை, எல்லாம் கேட்டுவிட்டு ஒரு நாளைக் குறித்தால் அது அவருடைய நாளாகிவிடுகிறது. முடிந்தால் அங்கிருந்தே கண் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் அவர் காது கேட்கப் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தன் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவர், போகாவிட்டால் ஒருவரை ஏமாற்றியதாக நினைப்பார். அந்த நினைப்பு பஸ் ஏற்றிவிடும்.

நோட்டு ஒன்று தனியாகப் போடுங்கள், நீள நோட்டு போதும், கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. பெயர், ஊர், எழுதிய தேதி, போக வேண்டிய தேதி, போன் நம்பர் இரண்டு, போனாரா, அங்கே சொன்னது என்ன, அடுத்து எப்போது. கடைசி மூன்று கட்டமும் நிரம்பினால்தான் அந்தப் பெயருக்கு எதிரே கோடு போட வேண்டும். நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை: முதியவர்கள் கொடுப்பது பெரும்பாலும் மகன் நம்பராக இருக்கும், மகன் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பான். ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டு அந்த நம்பரை வாங்குங்கள். குறித்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன், போய் வந்திருக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் கழித்து ஒரு போன். இரண்டு தடவை எடுக்காவிட்டால் மூன்றாவது தடவை மாத்திரை வாங்க வரும்போது நேரில். இதற்கு மேல் துரத்த வேண்டாம், வெறுத்துப்போய் உங்கள் கிளினிக்கையே விட்டுவிடுவார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து, நிறைய முதியவர்களுக்குப் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவது குறைந்துவிட்டால் கண்ணைப் பற்றிக் கேட்க ஆள் இல்லாமல் போகலாம். அந்த வீடுகளுக்குப் போகிற பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை நீங்கள் பழக்கம் பிடித்துக்கொண்டால், மாத்திரை கொடுக்கும்போது "கண்ணுக்குக் காட்டுனீங்களா பெரியம்மா" என்று ஒரு கேள்வி அவர்களே கேட்டுவிடுவார்கள். ஊர்க்காரி கேட்பதற்கு இருக்கும் மதிப்பு நம் போனுக்குக் கிடையாது.

கேமரா வாங்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மருந்து ஊற்றாமலே விழித்திரையைப் படம் எடுக்கிற கேமராக்கள் இப்போது கையில் பிடிக்கிற அளவிலேயே வருகின்றன. படத்தை அனுப்பினால் வேறு ஊரில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்வார், சில இடங்களில் செயற்கை நுண்ணறிவு அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட ஒரு மென்பொருளை உருவாக்கிச் சோதித்த ஆரம்ப ஆய்வுகளில் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கு வகித்தன. இதனால் பாதிப்பு இல்லாதவர்களுக்கு ஒரு பயணமே மிச்சம். பாதிப்பு உள்ளவரிடமும் பேச்சு மாறிவிடும். ருவாண்டாவில் நடந்து 2022இல் வெளியான ஒரு ஆய்வில், முடிவை உடனே சொல்லிக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களில் 51.5 சதவீதம் பேர் போனார்கள், சில நாள் கழித்துச் சொன்னவர்களில் 39.6 சதவீதம்தான். என் அனுபவமும் அதுதான். கிளினிக்கில் கேமரா வந்த பிறகு நான் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, "இது உங்க கண்ணு. இந்த ஆரஞ்சுல சிவப்பா புள்ளி புள்ளியா தெரியுதா? அது ரத்தம் கசிஞ்ச இடம். இந்த மஞ்சள் கொழுப்பு, நடுப்பார்வைக்கு இவ்வளவு பக்கத்துல வந்திருச்சு" என்று விரலால் தொட்டுக் காட்டுவேன். அவர் செல்போனிலேயே அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக் கொடுத்துவிடுவேன், வீட்டில் மகனிடம் காட்டட்டும் என்று. மகன் அன்றைக்கு ராத்திரியே எனக்கு போன் செய்த நாட்கள் உண்டு.

ஆனால் கேமரா வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ருவாண்டாவில் உடனே சொன்னவர்களிலும் பாதிப் பேர் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் 2003இல் தேசியத் திட்டமாக ஆரம்பித்து, சுகர் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் பட்டியலில் வைத்து வருடா வருடம் கடிதம் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வராதவரை மறுபடி கூப்பிட்டார்கள். அரை நூற்றாண்டில் முதல் தடவையாக, வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் என்ற இடத்திலிருந்து சுகர் கண் நோய் இறங்கிவிட்டது என்று 2014இல் அங்கே கணக்கு வந்தது. கேமராவும் இருந்தது, நல்ல சிகிச்சையும் இருந்தது, அவற்றை ஆட்களோடு சேர்த்துக் கட்டியது அந்தப் பட்டியல். உங்கள் நீள நோட்டு அதன் சின்ன வடிவம்தான்.

இனி நான் ரொம்பக் கவலைப்படும் இடம். முதல் தடவை போனவர் இரண்டாவது தடவை போவதில்லை. லேசர் மூன்று தவணையில் அடிக்க வேண்டும் என்பார்கள், ஒரு தவணையோடு நின்றுவிடுவார். ஊசி மாதம் ஒன்றாக வரிசையாகப் போட வேண்டும் என்பார்கள், ஒன்றோடு நிறுத்திவிடுவார். காரணம் கேட்டால் "போட்டும் பார்வை கூடலயே" என்பதுதான். இது அவர் தப்பில்லை, நம் தப்பு. லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாற்றுவதற்கு. கூடுதலாகத் தெரிய வைப்பதற்கு இல்லை. அடித்த சில நாள் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். இதை முன்னாலேயே சொல்லி அனுப்பினால் அவர் ஏமாற மாட்டார். நான் வரப்பு வெட்டுவதைச் சொல்வேன்: மழை வரும் முன் வரப்பைப் பலப்படுத்தினால் அன்றைக்கு வயலில் ஒன்றும் மாறியதாகத் தெரியாது, வெள்ளம் வரும்போதுதான் தெரியும். விவசாயம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. ஊசியில் சில பேருக்குப் பார்வை கூடும், ஆனால் நிறுத்தினால் நீர் திரும்பக் கோக்கும் என்று சொல்ல வேண்டும். மரத்துப்போகிற சொட்டு மருந்து ஊற்றித்தான் போடுவார்கள், வலியை விடப் பயம்தான் பெரிது என்று, ஏற்கெனவே போட்டுக்கொண்ட ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் கிளினிக்கில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் ஏழு ஊசி போட்டவர், புதிதாகப் பயப்படுகிறவரை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவேன், நான் அரை மணி நேரம் பேசுவதை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

செலவும் இங்கேதான் வருகிறது. முதல் பரிசோதனை மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கட்டணமில்லாமல் நடக்கும். லேசர், ஊசி, அறுவை என்று வந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துப் போகச் சொல்லுங்கள், எது அதில் வரும் எது வராது என்பதை அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் சிகிச்சைக்கு முன்னாலேயே கேட்கச் சொல்லுங்கள். ஊசி மருந்துகளுக்குள்ளேயே விலை பல மடங்கு வித்தியாசப்படும், குறைந்த விலையில் உள்ளதும் உண்டு. 'கட்டுப்படியாகாது' என்று பேசாமல் எழுந்து வருவதை விட, கட்டுப்படியாவது எது என்று டாக்டரிடம் கேட்கலாம் என்கிற தைரியத்தை நாம் கொடுத்து அனுப்ப வேண்டும்.

கண் ஆஸ்பத்திரியிலிருந்து என்ன எழுதி வருகிறது என்பதையும் கவனியுங்கள். சுருக்கெழுத்தாக நாலு எழுத்து இருக்கும், நம் டாக்டருக்கே சில சமயம் புரியாது, ஃபைலில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே இருக்கும் கவுன்சலரிடம் ஒரு தடவை பேசி, 'பாதிப்பு இல்லை, ஒரு வருடம் கழித்து' அல்லது 'பாதிப்பு உண்டு, இந்தத் தேதிக்குள் லேசர்' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கவுன்சலராக இருந்தவள் சொல்கிறேன், இப்படிக் கேட்கிற கிளினிக் மேல் எங்களுக்குத் தனி மரியாதை இருக்கும், அங்கிருந்து வருகிறவர் தவறவிட்டால் நாங்களே உங்களுக்கு போன் செய்வோம். விழித்திரையில் பாதிப்பு என்று வந்தால் உங்கள் டாக்டர் பிரஷரையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும், சிறுநீரகத்திலும் அதே மெல்லிய குழாய்கள்தான். அதற்காகவாவது அந்த ஒரு வரி வேண்டும்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கு ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது என்று ஆயிரம் வேலை. எனவே யாரை முதலில் கூப்பிடுவது என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கண் முன்னால் திடீரென்று கறுப்புப் பூச்சி பறக்கிறது, ஒட்டடை தொங்குகிறது, திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நோட்டு, தேதி எதுவும் வேண்டாம், அன்றைக்கே அனுப்புங்கள். அதற்கடுத்து, ஏற்கெனவே சுகர் இருந்து இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள், முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும், கர்ப்பத்தில் பாதிப்பு வேகமாகக் கூடும் (கர்ப்பத்தில் மட்டும் வந்த சுகருக்கு இது தேவையில்லை). பிறகு புதிதாக இன்சுலின் ஆரம்பித்தவர்கள், சிறுநீரில் புரதம் போகிறவர்கள், சுகர் வந்து பத்து வருடம் தாண்டியும் ஒரு தடவை கூட மருந்து ஊற்றிப் பார்க்காதவர்கள். இரண்டாம் வகைச் சுகர் என்று புதிதாகக் கண்டுபிடித்தவர்களுக்கும் அப்போதே ஒரு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்டுபிடிப்பதற்குப் பல வருடம் முன்பே அது உள்ளே இருந்திருக்கும். உங்கள் ஃபைல்களைப் புரட்டினால் இப்படி இருபது இருபத்தைந்து பேர் தேறுவார்கள். திங்கட்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அந்தப் பெயர்களை நோட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் முதல் ஐந்து பேருக்கு போன் போடுங்கள். அதற்கு முன்னால் போட்டால் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள்.